தூசி சுருங்குவதில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை என்னுடையது. இப்போது அங்கே ஒரு ஜிஎம்சி லொறி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் ஓட்டிய இரண்டரைத் தொன் லொறி. மூன்று அச்சு, பத்து டயர். 1941இலிருந்து 1945க்குள் 5 இலட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். உண்மையான வண்டி ஏறத்தாழ 6.5 மீற்றர் நீளம். என் மேசையில் நிற்பது அதன் பிளாஸ்டிக் மாதிரி, 18.5 சென்ரிமீற்றர். 35இல் ஒரு பங்கு.

பெட்டியில் வந்த துண்டுகளை ஒன்று விடாமல் ஒட்டினேன். நிறமும் சரிதான். ஆனாலும் பார்ப்பதற்கு லொறி மாதிரி இல்லை, விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை முட்டி நின்றிருப்பார்கள். இன்னும் நாலு சின்ன உறுப்புகளை வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வைத்தும் பார்த்தேன், சரியாகவில்லை. வண்டியை 35 மடங்கு சுருக்கிவிட்டார்கள். வெளிச்சத்தையும் புவியீர்ப்பையும் தூசியையும் யாரும் சுருக்கவில்லை. அந்தப் பொருத்தமின்மையைக் கண் உடனே பிடித்துவிடுகிறது.

இராணுவ லொறி என்றதும் நம்மவர்களுக்கு வரும் நினைவுகள் வேறு. அது எனக்கும் தெரியும். என்னை இழுத்தது 1940களின் இந்த இயந்திரங்கள்: மறைப்பு எதுவும் இல்லாமல் சட்டமும் வில்லும் குழாயும் வெளியே தெரிகிற வண்டிகள். ஒரு லொறி எப்படி வேலை செய்கிறது என்பதை அதன் அடிவயிற்றைப் பார்த்தே படித்துவிடலாம்.

இந்த 35 என்ற எண்ணுக்குப் பெரிய கணக்கு ஒன்றும் கிடையாது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. மோட்டாரும் பற்றரியும் உள்ளே அடங்கும்படி உடலின் அளவை வைத்தார்கள். கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக வந்தது. பின்னால் வந்த வண்டிகளும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன.

சரி, எந்த அளவு நுணுக்கம் தேவை? அதைக் கண்ணிடமே கேட்கலாம். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரை பிரித்தறியும். மேசையில் 40 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் பொருளில் அது 0.12 மில்லிமீற்றர். 35ஆல் பெருக்கினால் உண்மையான லொறியில் 4 மில்லிமீற்றர். அதாவது நான் மேசையில் குனிந்து பார்ப்பதும், வீதியில் 14 மீற்றர் தள்ளி நிற்கும் லொறியைப் பார்ப்பதும் ஒன்றுதான். அந்தத் தூரத்தில் ஆணியின் தலை தெரியும், அதன் மேலுள்ள கீறல் தெரியாது. 8 மில்லிமீற்றர் பிரேக் குழாய் தெரியும். மாதிரியில் அது 0.23 மில்லிமீற்றர் கம்பி. பல இழைகள் உள்ள பழைய மின் வயரை உரித்தால் உள்ளே இருக்கும் செப்பு இழையில் இந்தத் தடிப்புக்குக் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். அதை வளைக்கவும் துளையிடவும் வேண்டிய சாமான்களுக்குச் செட்டியார் தெருவுக்குத்தான் போவேன். நகை செய்கிறவர்களுக்கு விற்கும் சின்ன அரங்களும் இடுக்கிகளும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை.

கண் முதலில் காட்டிக்கொடுப்பது ஓரங்களை. லொறியின் மட்கார்ட் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் தகடு. 35ஆல் வகுத்தால் 0.05 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு தலைமயிரின் தடிப்பு. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது. உருகிய பிளாஸ்டிக் அந்த இடுக்கில் ஓடி முடிப்பதற்குள் இறுகிவிடும். அதனால் மட்கார்ட் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் வருகிறது. உண்மை அளவில் அது 35 மில்லிமீற்றர், டாங்கிக்குப் போடும் கவசத் தகடு! முழுவதையும் மெலிதாக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவது ஓரம் மட்டும். உட்பக்கத்திலிருந்து அரத்தைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தைக் கத்தி போல இழைத்தால், முழுவதும் தகடு என்று கண் நம்பிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காசு செலவில்லை, ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்தது வெளிச்சம். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம்தான். அதனால் வெயிலில் நிற்கும் லொறியின் கதவு இடுக்கிலும் ஆணித் தலையின் கீழேயும் கூர்மையான நிழல் விழுகிறது. என் மேசைக்கு மேலே ஒன்றரை மீற்றர் உயரத்தில் 1.2 மீற்றர் நீளமான டியூப் லைட். லொறியின் கணக்கில் அது 52.5 மீற்றர் உயரத்தில் தொங்கும் 42 மீற்றர் நீள விளக்கு. அவ்வளவு நீளமான விளக்கின் கீழே சின்ன இடுக்குகளில் நிழல் தங்காது, ஏதோ ஒரு கோணத்திலிருந்து ஒளி உள்ளே புகுந்துவிடும். வெளிச்சத்தின் அளவும் வேறு. உச்சி வெயிலில் ஏறத்தாழ 1 இலட்சம் லக்ஸ். வீட்டுக்குள் சில நூறு. வெளிச்சம் குறைந்தால் நிறங்களும் மங்கி இருண்டு தெரியும். அதனால்தான் உண்மையான வண்டியின் நிறத்தை அப்படியே பூசினால் மாதிரி கரிக்கட்டை போலாகிவிடுகிறது. அமெரிக்கர்களின் ஒலிவ் நிறமே காவி மஞ்சளும் கறுப்பும் கலந்ததுதான். அதில் நான் கொஞ்சம் வெளிர் மஞ்சள் சேர்த்துக்கொள்வேன்.

வராத நிழலைப் பூசித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு ‘வாஷ்’ என்று பெயர். கடும் பழுப்பு எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் தேநீர்ச் சாயம் போலக் கரைத்து, மெல்லிய தூரிகையில் தொட்டு, கதவுக் கோட்டின் ஒரு முனையில் நுனியை வைத்துப் பாருங்கள். தூரிகையை இழுக்கவே வேண்டாம். சாயம் தானாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், மூலையில் திரும்பும், கைப்பிடியின் அடியைச் சுற்றி வரும். பல தடவை செய்துவிட்டேன், இன்னும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே, மயிர்த்துளை விசை. திரவத்தின் மூலக்கூறுகள் சுவரோடு ஒட்டப் பார்க்கின்றன. ஒடுங்கிய கோட்டில் இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் இழுவை கூடுகிறது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒளி மங்கிய வர்ணத்தின் மேல் நேராக வாஷ் இட்டால் கோட்டில் ஓடாது, கறை போலப் பரவும். மங்கிய பரப்பு என்பது நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு சின்னக் கோடாகி சாயத்தைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் முதலில் மினுங்கும் வார்னிஷ் ஒரு பூச்சு, பிறகு வாஷ், கடைசியில் மங்கல் வார்னிஷ். அடியில் இருப்பது அக்ரிலிக் வர்ணமாக இருக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் டர்பன்டைன் அதைக் கரைக்காது. வெறும் பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் டர்பன்டைனைத் தேங்க விடாதீர்கள். இழுவிசையில் ஒட்டிய துண்டுகள் வெடித்துப் போகும். ஒரு முன் அச்சை அப்படித்தான் இழந்தேன்.

இனி எடை. அந்த ஜிஎம்சி சரக்கில்லாமல் ஏறத்தாழ 4 தொன். நீளம் 35 மடங்கு குறைந்தால் எடை 35×35×35, அதாவது 42,875 மடங்கு குறையும். 4 தொன் லொறி 93 கிராமாகிறது, இரண்டு கோழி முட்டைக்கும் குறைவு. ஆனால் டயர் நிலத்தில் படும் பரப்பு 1,225 மடங்குதான் குறைகிறது. ஆகவே நிலத்தின் மேலுள்ள அழுத்தம் 35 மடங்கு குறைந்து, டயர் பாரமே அறியாமல் முழு வட்டமாக நிற்கும். வட்டமான டயரில் நிற்கும் லொறி காற்றில் தொங்குவது போலத் தெரியும். சரக்கேற்றிய உண்மையான லொறியில் ஒரு டயருக்கு 650 கிலோ என்றும் காற்றழுத்தம் 4 வளிமண்டலம் என்றும் வைத்துக்கொள்வோம். நிலத்தில் படும் பகுதி ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளம் வரும், மாதிரியில் மூன்றரை மில்லிமீற்றர். உப்புத்தாளில் டயரை வைத்துத் தேய்க்க வேண்டும். எவ்வளவு ஆழம்? ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு! வட்டத்தின் கணக்கு அப்படி. ஒரு துளி தேய்த்தாலே நீளமான தட்டை வந்துவிடுகிறது. இவ்வளவுதான் வேலை, ஆனால் லொறி அந்தக் கணத்தில் நிலத்தில் இறங்கி நிற்கிறது.

கூரைத் துணியிலும் இதே சிக்கல். தடித்த கான்வஸ் மூன்று மீற்றர் விரிப்பாக இருந்தால் தன் பாரத்தில் மடிந்து தொங்கும். அதே கான்வஸில் கைக்குட்டையளவு வெட்டினால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். துணி மாறவில்லை, மடிக்கப் போதிய பாரம் அந்தச் சிறு துண்டில் இல்லை. எனவே உண்மையான துணியை மாதிரியில் போட்டால் ஒருநாளும் துணியாகத் தெரியாது. விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், தடிப்பைக் குறைப்பதே வழி. டிசு தாளில் ஒரே ஒரு படையை உரித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, கூரைக் கம்பிகளின் மேல் விரித்து, ஈரமாக இருக்கும்போதே கம்பிகளுக்கிடையில் தூரிகையால் மெல்லத் தட்டித் தொய்வை உண்டாக்க வேண்டும். புவியீர்ப்பு செய்ய வேண்டியதைத் தூரிகை செய்கிறது. காய்ந்த பசை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

தூசிக்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பித்து. கடற்கரை மணலில் ஒரு பொடி அரை மில்லிமீற்றர் என்றால் மாதிரியின் பக்கத்தில் அது 17 மில்லிமீற்றர் சல்லிக்கல். ஒரு சொட்டுத் தண்ணீர் 3 மில்லிமீற்றர் என்றால் அது தோடம்பழம். பரப்பிழுவிசை துளியின் அளவைத் தீர்மானிக்கிறது, லொறியின் அளவைக் கேட்பதில்லை. அதனால் உண்மையான தண்ணீரும் உண்மையான மணலும் கூடாது. ஆனால் உண்மையான மண் கூடும், அதிலுள்ள மிக நுண்ணிய பகுதி மட்டும்.

எனக்குக் கிடைப்பது கபொக் மண். கொழும்பைச் சுற்றி மதில் கட்ட வெட்டும் செம்புரைக்கல்லிலிருந்து உதிர்வது. கேரளத்தில் இதே கல்லைச் செங்கல் போல வெட்டியெடுப்பதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் அதற்கு லற்றரைற் என்று பெயர் வைத்தார்; செங்கல்லுக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு கண்ணாடிக் குவளையில் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, இரண்டு கரண்டி மண்ணைப் போட்டுக் கலக்குங்கள். உடனே சிவப்புக் குழம்பாகும். ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 50 மைக்ரோன் துகள் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு நிமிடத்துக்குள் அடியில் போய்விடும். 10 மைக்ரோன் துகளுக்கு இருபது நிமிடம் அளவில் வேண்டும். ஐந்து நிமிடத்தில் 20 மைக்ரோனுக்கு மேற்பட்டதெல்லாம் அடியில். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிட்டால், விரலில் தேய்த்தாலும் உறுத்தாத ஒரு சிவந்த மா கிடைக்கும். சல்லடை தேவையில்லை, கடையில் விற்கும் தூளும் தேவையில்லை. 20 மைக்ரோன் துகள் லொறியின் கணக்கில் 0.7 மில்லிமீற்றர். 14 மீற்றர் தூரத்தில் அது தூசிதான்.

இந்த மாவின் செந்நிறம் இரும்பு ஒட்சைட். துருவும் அதே குடும்பம். அதனால் இரண்டையும் ஒரே மாதிரிப் பூசிவிடும் ஆபத்து உண்டு. தூசி மேலே படிந்து கீழே கனக்கும், டயருக்குப் பின்னால் விசிறி போலத் தெறிக்கும். துரு தண்ணீர் தங்கும் இடத்திலும் வர்ணம் போன இடத்திலும் மட்டுமே பிடிக்கும். புகைக்குழாய் அதற்கு நல்ல உதாரணம், வெப்பத்தில் வர்ணம் எரிந்துபோய் இரும்பு வெளியே வந்துவிடும். கடற்கரையோரம் இருக்கும் எங்களுக்குத் துரு புதிதில்லை. உப்புக் காற்றின் குளோரைட்டு வெள்ளவத்தை ஜன்னல் கம்பிகளை அரிப்பதை வருடா வருடம் பார்க்கிறோம். ஆனாலும் போர்க்கால லொறியில் துருவை அள்ளிப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வண்டிகளுக்கு அவ்வளவு ஆயுளே கிடையாது. இருந்தவரை நன்றாகக் கவனித்தும் வந்தார்கள்.

தேய்மானத்தைப் படிக்க நான் போவது பஞ்சிகாவத்தைக்கு. பழைய பாகங்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் பழைய பெட்போர்ட் லொறியின் கதவோ படியோ கண்ணில் பட்டால் நின்றுவிடுவேன். கால் படும் படி துருப்பிடிப்பதில்லை, மினுங்குகிறது. தினமும் செருப்பு தேய்த்துக்கொண்டே இருப்பதால் துரு தங்க நேரமில்லை. மாதிரியில் அந்த மினுக்கத்துக்கு வெள்ளி வர்ணம் சரிவராது, அது பொட்டு வைத்தது போலத் தெரியும். 2பி பென்சிலின் கரியை விரலில் எடுத்துத் தேய்க்கிறேன். கிராபைற்றின் தட்டையான செதில்கள் தேய்க்கத் தேய்க்க ஒரே திசையில் படிந்து, தேய்ந்த இரும்பு போலவே ஒளியைத் திருப்பும்.

மழைக்காலத்தில் வார்னிஷ் அடிக்க வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

லொறி முடிந்த அன்று, கீழ்மாடியில் இருக்கும் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் லொறி ஓட்டியே வயதானவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொடாமல், நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். டயர் நல்லாயிருக்கு என்றார். தூசி நல்லாயிருக்கு என்றார். பிறகு படியைக் காட்டினார்.

“தம்பி, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கு. அப்ப ட்ரைவர் ஏன் வலப்பக்கத்தாலை ஏறுறான்?”

அமெரிக்க வண்டிக்கு ஓட்டுநர் இடப்பக்கம். பெட்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து, என் கை பழக்கத்தில் வலப்பக்கப் படியைத் தேய்த்திருந்தது. அன்றிரவே வலப்பக்கப் படிக்கு மறுபடியும் ஒலிவ் வர்ணம் பூசினேன். பென்சிலை எடுத்து இடப்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினேன்.