விடியப்புறக் கனவும் சோதினைப் படிப்பும்

மட்டக்களப்புக் கல்லடியில் என் அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து, மூன்று மணிக்கே அலாரம் வைத்து எழும்பி பிளேன்ரீயோடு உட்காருவாள். போன கிழமை ஒரு கனவு சொன்னாள்: “மாமா, ரசாயனச் சமன்பாடெல்லாம் பஸ் மாதிரிப் பாலத்தால போகுது. நான் ஒண்டுலயும் ஏற ஏலாம நிக்கன்.”

“சோதினைப் பயம்” என்றா பெத்தா. அது சரிதான். ஆனால் கனவுக்குப் பின்னால் வேறொரு வேலையும் நடந்திருக்கலாம்.

பகலில் படிப்பது முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில்தான் பதிகிறது. சூடடித்த நெல் களவெட்டியில் எத்தனை நாள் கிடக்கும்? வீட்டுக்கு ஏற்ற வேண்டும். அப்படித்தான் அந்த நினைவும் மெல்ல மெல்ல மூளையின் மேற்பட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஏற்றுமதியில் பெரும்பங்கு ஆழ்ந்த உறக்கத்தில் நடப்பதாக ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். 1994இல் வில்சனும் மக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸைக் கவனித்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது சேர்ந்து துடித்த செல்கள், அது உறங்கியபோதும் மறுபடி சேர்ந்து துடித்தன.

எலி கனவு கண்டதா என்று எலியிடம் கேட்க ஏலாது. மனிதரிடம் கேட்கலாம். 2010இல் எரின் வாம்ஸ்லி, ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் 99 பேரைக் கணினியில் ஒரு சிக்கலான பாதைக்குள் வழி தேட விட்டார்கள். புளியந்தீவு ஒழுங்கைகளுக்குள் புதிதாக வந்தவர் அகப்பட்ட மாதிரி. மறுகா பாதிப்பேரை ஒன்றரை மணித்தியாலம் உறங்க வைத்தார்கள். உறங்கியவர்களில் அந்தப் பாதையைக் கனவில் கண்டவர்கள்தான் அடுத்த முறை மிக நன்றாக முன்னேறினார்கள். விழித்திருந்து அதையே யோசித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்று, கனவு கண்டவர்கள் முதல் முறை மோசமாகச் செய்தவர்கள். தெரிந்ததை விட்டு, தடுமாறியதையே மூளை எடுத்துப் பிசைகிறது போல.

கனவு பகலை அப்படியே படம் பிடித்துக் காட்டுவதில்லை. ஒருவருக்கு அந்தப் பாதையில் ஒலித்த இசை மட்டும் கேட்டது. புதிய துண்டைப் பழைய நினைவோடு ஒட்டிப் பார்ப்பதுதான் அங்கே நடக்கிறது என்பது ஒரு கருத்து. மருமகளுக்குச் சமன்பாடு பஸ்ஸானதும் அப்படித்தானோ?

ஆனால் அந்த ஆய்வில் கனவு கண்டவர்கள் நாலே பேர். அதை வைத்துப் பந்தயம் கட்ட மாட்டேன். நினைவை உறுதியாக்குவது கனவேதானா, அல்லது அடுப்பு எரியும்போது கிளம்பும் புகை மாதிரி, உள்ளே நடக்கும் வேலையின் அடையாளம் மட்டுமா? இன்னும் தீராத வழக்கு. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம்.

எதுவானாலும் அதற்கு உறக்கம் வேண்டும். ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பாதியில் கூடுதல். கண்மணிகள் வேகமாக அசையும், தெளிவான கனவுகள் மலியும் ரெம் உறக்கம் விடியப்புறம்தான் நீளும். மூன்று மணி அலாரம் வெட்டி எறிவது பெரும்பாலும் அதைத்தான்.

இதைச் சொன்னேன். “அப்ப அஞ்சு மணிக்கு வைக்கட்டா?” என்றாள். பெத்தா முந்திக்கொண்டா: “ஆறு மணிக்கு வை, மகள்.”