டைக்கோவின் வயது தெரிந்த விதம்

முழுநிலவு நாளில் நிலவின் தென்பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்தால், பளிச்சென்ற ஒரு வெண்புள்ளியும் அதிலிருந்து எல்லாத் திசைகளிலும் பிரிந்தோடும் வெளிறிய கோடுகளும் தெரியும். அந்தப் புள்ளி ஏறத்தாழ 85 கி.மீ. குறுக்களவும் நான்கரை கி.மீ.க்கும் அதிகமான ஆழமும் கொண்ட டைக்கோ கிண்ணக்குழி.

டென்மார்க்கைச் சேர்ந்த வானியலாளர் டைக்கோ பிராகேயின் பெயரை அதற்குச் சூட்டியவர், இத்தாலியின் போலோன்யா நகரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ரிச்சோலி. அவர் 1651-இல் வெளியிட்ட நூலில், கிரிமால்டி வரைந்த நிலவு வரைபடத்தின் மீது இந்தப் பெயர் இடம்பெற்றது. பூமியைச் சூரியன் சுற்றுகிறது, சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்ற டைக்கோவின் அமைப்பைச் சில மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டவர் ரிச்சோலி. ஆகவே நிலவின் மிக எடுப்பான குழிக்கு அவர் இந்தப் பெயரைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ஆனாலும் தாம் மறுத்த கோப்பர்நிக்கசுக்கும் ஒரு பெரிய குழியை அவர் ஒதுக்கினார் என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது.

நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஒரு விண்பொருள் மோதியபோது, அதிர்ச்சி அலை பாறையை நசுக்கி வெளியே வீசியது; அழுத்தம் நீங்கியதும் குழியின் அடித்தளம் மேல்நோக்கி எழும்பி, சுமார் 2 கி.மீ. உயரமுள்ள மையச் சிகரமாக உறைந்து நின்றது. ஆழத்தில் கிடந்த பாறை இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்தது. செங்குத்தாக நின்ற சுவர்கள் தம் எடையைத் தாங்காமல் சரிந்து படிகளாயின. உருகிய பாறை தரையில் பரவி இறுகியது. சிறிய குழிகளில் இந்த நிகழ்வுகள் இல்லை. அவை வெறும் கிண்ண வடிவத்தோடு நின்றுவிடுகின்றன.

வீசப்பட்ட பொருள்தான் அந்த வெளிறிய கோடுகள். சூரியக் காற்றும் (சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்கள்) நுண்விண்கற்களும் நிலவின் மேற்பரப்பை மெல்ல மெல்லக் கருமையாக்குவதால், கோடுகள் இன்னும் வெளிறியிருப்பதே டைக்கோ இளையது என்பதற்குச் சான்று. ஆனால் எவ்வளவு இளையது?

விடை 2,000 கி.மீ.க்கும் அப்பால் கிடைத்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 இறங்கிய டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில், ஒரு மலைச்சரிவின் அடியில் வெளிறிய நிலச்சரிவுப் படிவும் அருகே சிறு குழிகளின் கூட்டமும் இருந்தன. டைக்கோவிலிருந்து பறந்துவந்த பாறைத்துண்டுகள் விழுந்தே இவை உருவாயின என்று ஆய்வாளர்கள் கருதினர். விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்களான காஸ்மிக் கதிர்கள் பாறைக்குள் ஓரிரு மீட்டர் ஆழத்துக்கே வலுவுடன் ஊடுருவும். எனவே புதைந்திருந்த பாறை வெளிப்பட்ட நாள் முதல்தான், அதன் அணுக்கருக்கள் சிதைந்து நியான், ஆர்கான் முதலிய வாயுக்களின் குறிப்பிட்ட ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுவகைகள்) அதில் சேரத் தொடங்குகின்றன. அங்கிருந்து கொண்டுவந்த மாதிரிகளில் அவற்றை அளந்தபோது கிடைத்த காலம் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகள். பூமியில் டைனோசர்கள் வாழ்ந்த காலம் அது.

இந்தக் கணக்கு மிக அழகானது. ஆயினும் அது மறைமுகமானது என்பதை மறக்கக் கூடாது. சர்வேயர் 7 விண்கலம் 1968 ஜனவரியில் டைக்கோவின் வடபுற விளிம்புக்கு வெளியே இறங்கி மண்ணின் வேதிக் கூறுகளை அளந்ததே தவிர, டைக்கோவில் உருகி இறுகிய பாறை எதுவும் அங்கிருந்து நேரடியாக எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்கு வரவில்லை. நிலவின் இளைய பரப்புகளின் வயதை, குழிகள் கூடக் கூடப் பரப்பு பழையது என்ற அடிப்படையில், குழிகளை எண்ணிக் கணிக்கும் முறைக்கு டைக்கோவின் வயது ஓர் அளவுகோலாகப் பயன்படுவதால், அந்த உருகுபாறையில் ஒரு கைப்பிடி கிடைத்தாலும் பல பரப்புகளின் வயதுகளைச் சரிபார்க்க முடியும்.