இரண்டு வழியா, இருபது வழியா?

சில தெருக்களில் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். மருந்துக்கடையில் நாலு பேர், டீக்கடை வாசலில் அரட்டை. பக்கத்துப் பேட்டையிலும் அதே அளவு ஜனம்தான், ஆனால் ஏழு மணிக்கே வெறிச்சோடிவிடும். அந்தந்த ஊர்க்காரர்களின் சுபாவம் என்று சொல்லிவிடுகிறோம். மனை பிரித்தவர் அன்றைக்கு எப்படிக் கோடு போட்டார் என்பதற்கும் இதில் பங்கு உண்டு.

அமெரிக்காவில் போர்ட்லண்ட், சால்ட் லேக் சிட்டி என்று இரண்டு ஊர்கள். நான்கு தெருக்களுக்கு நடுவே அடங்கும் நிலத்தை அங்கே பிளாக் என்பார்கள். போர்ட்லண்டின் மையப் பகுதியில் அது பக்கத்துக்கு 200 அடி. சால்ட் லேக்கில் 660 அடி, அதாவது ஒரே பிளாக் 10 ஏக்கர்! 1847-இல் வந்து குடியேறிய மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அளந்து போட்டது அது. தெருக்களின் அகலம் 132 அடி. போர்ட்லண்டில் பெரும்பாலும் 60. தெருவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சால்ட் லேக்கின் ஒரு பிளாக் இருக்கும் இடத்தில் போர்ட்லண்டின் ஒன்பது பிளாக்குகள் ஏறக்குறைய சரியாக உட்கார்ந்துவிடும்.

இப்போது அந்தச் சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நடக்க வேண்டும். சால்ட் லேக்கில் இரண்டே வழி, இப்படிச் சுற்றலாம் அல்லது அப்படிச் சுற்றலாம். போர்ட்லண்டில் ஓர் அடிகூடத் தூரம் கூடாமல் 20 வழிகள். மூன்று முறை கிழக்கே, மூன்று முறை வடக்கே. இந்த ஆறையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதுதான் கணக்கு. பள்ளியில் மிரட்டிய பெர்முட்டேஷன் காம்பினேஷனுக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

வழி பெருகினால் என்ன ஆகும்? போகும்போது ஒரு தெரு, வரும்போது வேறொரு தெரு என்று கால் மாறும். ஒவ்வொரு தெருவிலும் வேற்றாள் கொஞ்சம் புழங்குவார். முனைக்கடைக்கு இரண்டு தெரு வாடிக்கை. நீண்ட பிளாக்கிலோ அடுத்த தெருக்காரர் நம் தெருவுக்குள் வரக் காரணமே இருக்காது. நியூயார்க்கில் குடியிருந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே இதை எழுதினார். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்க அவர் சொன்ன நான்கு நிபந்தனைகளில் சின்ன பிளாக் ஒன்று. வீடும் கடையும் அலுவலகமும் கலந்திருக்க வேண்டும், வாடகை குறைந்த பழைய கட்டிடங்கள் மிஞ்சியிருக்க வேண்டும், ஜனம் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பவை மற்ற மூன்று. அவரிடம் அன்று இருந்ததெல்லாம் ஜன்னலும் கூர்ந்த கண்ணும்தான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு ரோம், மிலான் உள்ளிட்ட ஆறு இத்தாலிய நகரங்களின் கைபேசித் தரவை வைத்து அவர் சொன்னதைச் சோதித்தது, பெரும்பாலும் ஒத்துப்போனது. ஆனால் ஒத்துப்போவது வேறு, அதனால்தான் நடந்தது என்பது வேறு.

சரி, சந்துகளை மட்டும் வெட்டிவிட்டால் போதுமா? போதாது, கதவு வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் 100 மீட்டரை 72 விநாடியில் கடப்பார். அதில் 18 கடைகள் இருந்தால் நாலு விநாடிக்கு ஒரு வாசல், பார்க்க ஏதோ ஒன்று. மயிலாப்பூர் மாட வீதியில் கால் வலி தெரியாமல் போவது இதனால்தான். அதே 100 மீட்டரும் காம்பவுண்டு சுவர் என்றால், 72 விநாடியும் போஸ்டர்தான். அடுத்த முறை ஆட்டோ கூப்பிடத் தோன்றும். சுவருக்குள் ஆயிரம் வீடுகள் இருக்கலாம். கேட் ஒன்றுதான் என்றால் தெருவுக்கு அந்த ஆயிரமும் இல்லாத மாதிரிதான்.

சால்ட் லேக்கில் இப்போது பெரிய பிளாக்குகளின் நடுவே நடைவழிகள் திறக்கிறார்கள். புதுக் கட்டிடம் எழும்பும்போதெல்லாம் ஒரு துண்டு சேர்கிறது. கடை வாசல் அந்தப் பக்கம் பார்த்திருக்கும் இடத்தில் அது தெரு. இருபுறமும் வெறும் சுவராக இருந்தால், குறுக்குவழி மட்டும்தான்.